சாங்தாங் போக ஐந்து நாள் போதாது

கேள்வி: ஜூலையில் லடாக்கின் சாங்தாங் போய், ஆடு மேய்க்கும் சாங்பா மக்களோடு ஓர் இரவு தங்க ஆசை. லே நகரில் இறங்கிய மறுநாளே சோ மோரிரி ஏரி என்று ஐந்து நாள் பேக்கேஜ் சொல்கிறார் ஏஜென்ட். 10 வயது மகனுக்கு ஒத்துக்கொள்ளுமா? கணவர் சிங்கப்பூர்க் குடிமகன். ஓசிஐ (வெளிநாட்டுக் குடியுரிமை பெற்ற இந்திய வம்சாவளியினருக்கான) அட்டை இருக்கிறது. – திருச்சி வாசகி

பதில்: அந்த பேக்கேஜுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். திருச்சி, கடல் மட்டத்திலிருந்து நூறு மீட்டர்கூட இல்லை. லே 3,500 மீட்டர். ஏரிக்கரை ஊரான கொர்சோக் 4,500க்கும் மேல். மகனுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் ஒத்துக்கொள்ளாது. உடல் உயரத்துக்குப் பழக லேயில் மூன்று இரவு, வழியில் வெந்நீர் ஊற்று இருக்கும் சுமதாங்கில் ஓர் இரவு, அப்புறம் கொர்சோக். எட்டு நாளாவது ஒதுக்குங்கள்.

“ஆக்சிஜன் கேன் தருகிறோம், பயப்படாதீர்கள்” என்பார்கள். அதில் இருப்பது சில நிமிடக் காற்று. தலைவலி, வாந்தி வந்தால் மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ நடுராத்திரியானாலும் கீழே இறங்கிவிட வேண்டும். உயரத்தால் வரும் நோயைத் தடுக்கும் டயமாக்ஸ் மாத்திரை வேண்டுமா என்பதை உங்கள் டாக்டர் சொல்லட்டும், டிரைவர் அல்ல.

இன்னொரு ஏமாற்று, ‘நாடோடிக் கூடாரம்’. வெள்ளைத் துணி, கட்டில், உள்ளேயே கழிப்பறை என்றால் அது சுற்றுலா முகாம். சாங்பாக்களின் ரெபோ, யாக் என்ற சடைமாட்டின் மயிரில் நெய்த கறுப்புக் கூடாரம். நடுவில் வறட்டி அடுப்பு, புகை போகக் கூரையில் நீளத் திறப்பு. கொர்சோக்கில் ஒரு வீட்டில் அறை எடுத்துக்கொண்டு, அந்த வீட்டுக்காரரோடு சாயங்காலம் மேய்ச்சல் நிலத்துக்குப் போங்கள். பால் கறக்க ஆடுகளை எதிரெதிராக நிறுத்தி, கழுத்தோடு கழுத்து சேர்த்து ஒரே கயிற்றில் கட்டுவார்கள். உங்கள் மகன் அதைப் பார்க்க வேண்டும். காவல் நாய்கள் இருக்கும்; தூரத்தில் நின்றே குரல் கொடுங்கள். உபசரிப்பவர்கள் அழைத்தால் தங்கலாம்.

அடுத்து அனுமதி. எல்லையோரப் பகுதிக்குள் போக இந்தியர்களுக்கு இன்னர் லைன் பெர்மிட் வேண்டாம் என்று 2021லேயே அறிவித்துவிட்டார்கள். சுற்றுச்சூழல் கட்டணத்தை நீங்களே இணையத்தில் கட்டலாம். ‘பெர்மிட் செலவு’ என்று ஆயிரக்கணக்கில் கேட்டால் கொடுக்காதீர்கள்.

உங்கள் கணவர் விஷயம் வேறு. ஓசிஐ இருந்தால் இந்தியர் மாதிரிதான் என்று ஏஜென்ட் சொல்லியிருப்பார். விசா விஷயத்தில் சரி. சோ மோரிரி இருக்கும் பாதுகாக்கப்பட்ட எல்லைப் பகுதிக்குள் நுழைய அது செல்லாது. அங்கே அவர் வெளிநாட்டவர்தான். தனி அனுமதி வேண்டும்; அதையும் அவரே நேரில் வாங்க முடியாது, லேயில் பதிவு பெற்ற ஏஜென்ட் வழியாகத்தான். ஏஜென்ட்களிடம் ஏமாறாதீர்கள் என்று சொல்லிவிட்டு நானே உங்களை ஏஜென்டிடம் அனுப்ப வேண்டியிருக்கிறது. ஒரு படிவத்தை நேரடியாக வாங்கிக்கொள்வதில் அரசுக்கு என்ன சிரமம் என்று எனக்குப் புரியவே இல்லை. இது இல்லாமல் கிளம்பினால் சோதனைச்சாவடியில் நீங்களும் மகனும் உள்ளே, அவர் வெளியே. லேயில் காத்திருக்கும் மூன்று நாளில் முதல் வேலையாக இதை முடித்து, நாலைந்து நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.