கைடுக்குப் பழக்கமில்லாத துறையில், தேடல் ஆய்வைத் தனி ஆளாகச் செய்ய முடியுமா?

கேள்வி: கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு படிக்கிறேன். இன்ஃபர்மேஷன் ரிட்ரீவல், அதாவது தகவல் மீட்புத் துறையில் தனியாக ஓர் ஆய்வு ப்ராஜெக்ட் செய்ய ஆசை. கைடுக்கு இந்தத் துறை பழக்கமில்லை. ஒருவரால் முடியுமா?

முடியும், நானும் தனியாகத்தான் செய்தேன். ஆனால் "தமிழில் ஒரு கூகுள் செய்யப் போகிறேன்" என்று முதல் ரிவியூவில் சொல்லி வைக்காதீர்கள். நான் சொன்னேன். "அதான் ஏற்கெனவே இருக்கேப்பா" என்றார்கள், பதில் வரவில்லை. தேடுபொறியை ஓடவைப்பது ஒரு வார வேலை. லூசீன் போன்ற இலவசத் தேடல் மென்பொருள்கள் பல வருடமாகவே இருக்கின்றன. அது நன்றாகத் தேடுகிறது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? அங்கேதான் ஆய்வு தொடங்குகிறது.

இதற்குப் பெரிய லேப் வேண்டாம். 1960களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் செய்த சோதனையில் இருந்தவை விமானவியல் கட்டுரைகளின் 1400 சுருக்கங்கள், 225 கேள்விகள், எந்தக் கேள்விக்கு எது பொருந்தும் என்று ஆட்கள் படித்துப் போட்ட குறிப்புகள். அவ்வளவுதான். 1992ல் அமெரிக்காவில் தொடங்கிய ட்ரெக், 2008ல் இந்திய மொழிகளுக்கென்று வந்த ஃபயர் ஆகிய தேடல் மதிப்பீட்டு அரங்குகள் எல்லாம் அந்தத் தடத்தில் நடப்பவைதான். 1400 சுருக்கங்கள் ஒரு ஆள் சமாளிக்கக்கூடிய அளவு.

நான் தமிழ் விக்கிப்பீடியாவிலிருந்து மரம் செடி, ஆறு, ஊர் பற்றிய கட்டுரைகளை எடுத்துக்கொண்டேன். வேற்றுமை உருபுகளையும் 'கள்' விகுதியையும் வெட்டி வேர்ச்சொல்லாக்கினால் தேடல் மேம்படுமா என்பதுதான் கேள்வி. மேம்படும் என்று நினைத்துத்தான் இறங்கினேன். 'ஆற்றில் மணல்' என்று தேடினால், முன்பு சிக்காத 'ஆறுகள்' கட்டுரைகள் இப்போது வந்தன. சந்தோஷம். அடுத்த வரியில் பார்த்தால் 'ஆறு வார்டுகள் கொண்ட பேரூராட்சி'யும் வந்து நிற்கிறது! சராசரி மதிப்பெண்ணில் ஏற்றம் கொஞ்சம்தான். ஒவ்வொரு கேள்வியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் எது ஏறியது, எது இறங்கியது என்று தெரிந்தது. என் ரிப்போர்ட்டில் உருப்படியான அத்தியாயம் அது ஒன்றுதான்.

இன்னொரு தலைவலி எழுத்துக்குறி. 'கௌதாரி' என்று தேடினால் ஒன்றும் வராது. கட்டுரையில் 'கெளதாரி' என்று, அதாவது கெ போட்டுப் பக்கத்தில் ள போட்டு, தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கம்ப்யூட்டருக்கு வேறு வேறு சொல். யூனிகோட் இயல்பாக்கம், அதாவது ஒரே எழுத்துக்கு இருக்கும் வேறு வேறு குறியீடுகளை ஒன்றாக்குவது, செய்தாலும் இது தீராது, தனியாக விதி எழுத வேண்டும். இதற்கே நாலு நாள் போனது.

அப்புறம், பொருந்தும் பொருந்தாது என்று குறிக்கும் வேலை. முப்பது கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் முப்பது நாற்பது கட்டுரைகள். உருபை வெட்டியது, வெட்டாதது என்று எல்லா முறைகளின் மேல்வரிசை முடிவுகளையும் ஒன்றாகக் கொட்டி, எது எந்த முறையில் வந்தது என்று தெரியாதபடி கலைத்துவிட்டுப் படித்தேன். சலிப்பான வேலைதான், ஆனால் வேறு ஆளிடம் தள்ளிவிடாதீர்கள். சரிபார்க்க மட்டும் இன்னொருவர் வேண்டும். என் அறைத்தோழன் ராமநாதபுரத்துக்காரன். 'வறட்சியைத் தாங்கும் மரங்கள்' என்ற கேள்விக்குச் சீமைக் கருவேலத்தை நான் 'பொருந்தும்' என்று போட்டிருந்தேன். அவன் அடித்துவிட்டான். "இதைத் தேடுறவன் மரம் நடத்தான்டா தேடுவான். அதையா நடச் சொல்லப் போற?" ஒரு மணி நேரம் சண்டை போட்டோம். கடைசியில் ஒவ்வொரு கேள்விக்குக் கீழேயும், தேடுபவருக்கு என்ன வேண்டும் என்று இரண்டு வரி எழுதி வைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து குறித்தேன். ட்ரெக்கில் ஆரம்பத்திலிருந்தே இப்படி விளக்கம் எழுதித்தான் கொடுக்கிறார்கள் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒப்பிடுவதற்குப் பி.எம்.25ஐ வைத்துக்கொள்ளுங்கள், தேடும் சொற்களை வைத்துக் கட்டுரைகளுக்கு மதிப்பெண் போட்டு வரிசைப்படுத்தும் சூத்திரம் அது. பழைய சூத்திரம்தான், ஆனால் லேசில் தோற்காது. அதில் நாம் திருகக்கூடிய கே1, பி என்ற இரண்டு எண்களையும் மாற்றிப் பாருங்கள். பலவீனமான எதிரியை நிறுத்தி ஜெயித்துக் காட்டும் பழக்கம் பெரிய ஆய்வாளர்களிடமே உண்டு. இந்தத் துறையின் பத்து வருட ஆய்வுக் கட்டுரைகளை அலசி, முன்னேற்றம் என்று சொல்லப்பட்டவை ஒன்றின் மேல் ஒன்றாகச் சேரவே இல்லை என்று 2009ல் ஒரு கட்டுரை போட்டு உடைத்தது.

கைடுக்குத் துறை தெரியாதது பெரிய குறையாகப் படவில்லை. என் கைடு கேட்டதெல்லாம் "இந்த நம்பர் எப்படி வந்தது?" என்ற ஒரே கேள்வி, அதையும் வாரா வாரம் கேட்டார். புரியும்படி சொல்லப் போய் மூன்று தவறுகளை நானே கண்டுபிடித்தேன்.

வைவாவுக்கு மட்டும் ஒரு முன்னேற்பாடு. வெளியிலிருந்து வந்த தேர்வாளர் என் அட்டவணைகளைப் புரட்டிவிட்டு "ஃப்ரண்ட் எண்ட் எங்கே?" என்றார். முதல் நாள் ராத்திரியே ஒரு தேடல் பெட்டியும் பட்டனும் செய்து வைத்துவிடுங்கள். கௌதாரி என்று தட்டிக் காட்டலாம்.