ஆப்பிரிக்கச் சிற்பங்களே கதி என்றிருக்கும் மகளைப் பற்றிக் கவலைப்படும் அம்மாவுக்கு

வணக்கம் அம்மா. உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். பி.ஏ. வரலாறு இரண்டாம் ஆண்டு படிக்கிற பெண், குரூப் 4-க்குப் படி என்றால் கேட்பதில்லை, ராத்திரி ஒரு மணி வரை லேப்டாப்பில் ஆப்பிரிக்கச் சிற்பங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், கேட்டால் இதுதான் என் வேலை என்கிறாள், இப்படி ஒரு வேலை உலகத்தில் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு. ஆனால் அவள் மனதில் இருக்கிற வேலையும் நிஜத்தில் இருக்கிற வேலையும் ஒன்றுதானா என்று முதலில் பார்க்க வேண்டும்.

அவள் பார்ப்பதாக நீங்கள் எழுதிய டிஜிட்டல் பெனின் என்ற இணையதளத்தையே எடுத்துக்கொள்வோம். 1897 பிப்ரவரியில் பிரிட்டிஷ் படை, பழைய பெனின் அரசின் தலைநகரமான பெனின் நகரத்தைப் பிடித்தது. இன்றைய நைஜீரியாவில் எடோ மாநிலத்தின் தலைநகரம் அது. அரண்மனையைக் கொள்ளையடித்து, அரசர் ஒவோன்ரம்வெனைக் கலபாருக்கு நாடு கடத்தினார்கள். அங்கிருந்து எடுத்த பித்தளைத் தகடுகள், தலைச் சிற்பங்கள், யானைத் தந்த வேலைப்பாடுகள் எல்லாம் ஆயிரக்கணக்கில் லண்டன், பெர்லின், நியூயார்க் என்று சிதறிப்போயின. 2022 நவம்பரில்தான், 20 நாடுகளில் 131 நிறுவனங்களிடம் இருக்கும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் விவரங்களை இந்த ஒரே தளத்தில் சேர்த்து, யார் வேண்டுமானாலும் காசில்லாமல் பார்க்கலாம் என்று திறந்துவிட்டார்கள். பெனின் நகரத்தில் படிக்கிற உங்கள் மகள் வயதுப் பெண் ஒருத்தி, தன் ஊர்ப் பொருள்களை நேரில் பார்க்க இத்தனை நாடுகளுக்கு விசாவும் டிக்கெட்டும் எடுத்திருக்க வேண்டும். இன்று அவை எங்கெங்கே இருக்கின்றன என்றாவது கையில் இருக்கிற போனிலேயே தெரிந்துகொள்ளலாம். எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது.

சரி, இதில் வேலை எங்கே இருக்கிறது? படத்துக்குக் கீழே அந்தப் பொருளை விவரிக்கிற நாலு வரியில் இருக்கிறது. ஒவ்வொரு மியூசியமும் தன் மொழியில், தன் வழக்கப்படி எழுதி வைத்திருக்கும். ஒரு இடத்தில் வெண்கலம் என்று இருக்கும், இன்னொரு இடத்தில் அதே மாதிரிப் பொருளுக்குப் பித்தளை என்று இருக்கும் ('பெனின் வெண்கலங்கள்' என்று உலகமே சொன்னாலும் உலோகப் பொருள்களில் பெரும்பாலானவை பித்தளைதான்). பெனின் என்ற பெயரே ஒரு சிக்கல். பக்கத்தில் பெனின் குடியரசு என்று ஒரு நாடு இருக்கிறது, 1975 வரை அதன் பெயர் தஹோமி, இந்தப் பழைய அரசுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, ஆனால் கம்ப்யூட்டருக்கு இரண்டும் ஒரே சொல். இதையெல்லாம் ஒருவர் உட்கார்ந்து பிரித்து, சரிபார்த்து, எடோ மக்கள் அந்தப் பொருளை என்ன பெயரில் அழைத்தார்கள் என்று அவர்களிடமே கேட்டுச் சேர்த்து, யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்று வருஷத்தோடு பதிய வேண்டும். பொறுமை வேண்டிய வேலை. ரசனை மட்டும் இருந்தால் ஒரு மாதத்தில் சலித்துவிடும்.

அதனால் திட்ட வேண்டாம், ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். நியூயார்க் மெட் மியூசியம் 2017-லிருந்து, காப்புரிமை முடிந்த தன் கலைப்பொருள்களின் படங்களை எந்தக் கட்டுப்பாடும் இல்லாமல் கொடுக்கிறது. நாலு லட்சத்துக்கும் மேற்பட்ட பொருள்களின் விவரப் பட்டியலையே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். வாஷிங்டனில் பல மியூசியங்களை நடத்துகிற ஸ்மித்சோனியன் நிறுவனமும் 2020-இல் இப்படியே திறந்துவிட்டது, அங்கே ஆப்பிரிக்கக் கலைக்கென்று தனி மியூசியமே உண்டு. இவற்றிலிருந்து பத்துப் பொருள்களை அவள் எடுக்கட்டும். மெட்டில் இருக்கிற, பெனின் அரசத்தாய் இடியாவின் தந்த முகமூடியில் ஆரம்பிக்கலாம், உச்சியில் போர்த்துகீசியர் தலைகளும் சேற்று மீன்களும் மாறி மாறிச் செதுக்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் என்ன பொருளால் ஆனது, எந்தக் காலம், எப்படி அங்கே வந்தது என்று தமிழில் எழுதட்டும். அப்புறம் விக்கிப்பீடியா மாதிரி யாரும் சேர்க்கக்கூடிய தகவல் தளமான விக்கிதரவில் அந்தப் பொருள்களுக்குத் தமிழ்ப் பெயர் இல்லையென்றால் சேர்க்கட்டும். அது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி அவள் பேரில் பதிவாகி நிற்கும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போது சான்றிதழ் மாதிரி காட்டலாம்.

இன்னொன்று. முடிந்தால் ஒரு நாள், சாமி சிலைகள் வார்க்கிற சுவாமிமலைக்கு அழைத்துப் போங்கள். பெனின் நகரத்தில் இகுன் தெருவில் இன்றும் பித்தளை வார்க்கிறார்கள். மெழுகில் உருவம் செய்து, மண் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகத்தை ஊற்றுகிற முறைதான் இரண்டு இடத்திலும். சுவாமிமலையில் பெரும்பாலும் கெட்டியாக வார்ப்பார்கள், பெனின் தலைகள் உள்ளே கூடாக இருக்கும். வார்ப்பைக் கண்ணால் பார்த்தவள் எழுதுகிற விவரத்துக்கும் படத்தை மட்டும் பார்த்து எழுதுகிற விவரத்துக்கும் வித்தியாசம் தெரியும்.

படிப்பைப் பொறுத்தவரை, டிகிரியை ஒழுங்காக முடிக்கட்டும். அப்புறம் பரோடாவிலோ காசி இந்துப் பல்கலைக்கழகத்திலோ அருங்காட்சியகவியல் முதுகலை படிக்கலாம், நொய்டாவில் இந்திய பாரம்பரிய நிறுவனமும் இருக்கிறது. கல்லூரி ஆசிரியர் தகுதிக்கான நெட் தேர்விலும் இது ஒரு பாடம். நூலக அறிவியல் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருகிறவர்களும் உண்டு, அந்த வழி கொஞ்சம் பாதுகாப்பானது என்பது என் அபிப்பிராயம், ஏனென்றால் மியூசியம் கிடைக்காவிட்டால் கல்லூரி நூலகமாவது கிடைக்கும். பணத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன். நிரந்தரப் பணியிடங்கள் குறைவு, முதல் சில வருஷம் ஒப்பந்த வேலைதான், சம்பளம் உங்கள் தெருவில் ஐ.டி. பையன் வாங்குவதில் பாதிகூட இருக்காது. குரூப் 4 தேர்வை ஒரு பக்கம் எழுதி வைப்பதில் தப்பே இல்லை, இரண்டும் ஒன்றையொன்று வெட்டாது.

மகளிடம் ஒரு கேள்வி மட்டும் நான் கேட்டதாகக் கேளுங்கள். படத்தைத் திறந்துவிட்டால் பொருளைத் திருப்பித் தர வேண்டாமா? ஜெர்மனி 2022-இல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பெனின் பொருள்களின் உரிமையை நைஜீரியாவுக்கு மாற்றிக் கொடுத்தது, அந்த டிசம்பரிலேயே 20 பொருள்கள் நைஜீரியத் தலைநகர் அபுஜா போய்ச் சேர்ந்தன. பிரிட்டிஷ் மியூசியத்தில் இன்னும் 900-க்கு மேல் இருக்கின்றன. எடுத்துப்போனவர்களே அந்தப் படங்களை உலகத்துக்கெல்லாம் இலவசம் என்று அறிவிக்கலாமா, பறிகொடுத்தவர்களைக் கேட்க வேண்டாமா என்றும் ஒரு விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. என்னைக் கேட்டால் கேட்டுத்தான் ஆக வேண்டும். அவள் என்ன நினைக்கிறாள் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். செமஸ்டர் பரீட்சை முடிந்ததும் அந்தப் பக்கத்தையும் பத்துப் பதிவுகளையும் எடுத்துக்கொண்டு இரண்டு பேருமாக வாருங்கள், வைத்துக்கொண்டு பேசுவோம்.