பூட்டிய வீடும் பங்கில்லாதவர்களும்

வணக்கம் சார்,

கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் எனக்கு. கல்யாணமாகி ஓசூர் வந்து இருபது வருடம் ஆகிறது. போன மாதம் ஊருக்குப் போனபோது எங்கள் தெருவிலிருந்த பெரிய செட்டியார் வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தூண்கள் லாரியில் ஏறிவிட்டன. அம்மா அந்த வீட்டில் பதினாறு வருடம் தரை துடைத்தார். பள்ளிக்கூடம் விட்டதும் நான் நேராக அங்கேதான் போவேன். வளவுத் தூணில், அதாவது நடுமுற்றத்துத் தூணில், சாய்ந்துதான் வாய்ப்பாடு படித்தேன். இடிந்த சுவரைப் பார்த்ததும் தெருவிலேயே நின்று அழுதுவிட்டேன். என் கணவர், "அது நம்ம வீடா? உங்கம்மா அங்க வேலை பார்த்தாங்க, அவ்வளவுதானே" என்கிறார். அவர் சொல்வதும் சரிதான். ஆனாலும் மனசு ஆறவில்லை. இவ்வளவு பெரிய வீடுகளை ஏன் சார் இப்படி விட்டுவிடுகிறார்கள்? இடிபாட்டில் கிடந்த உடைந்த ஆத்தங்குடித் தரைக்கல் ஒன்றை யாரையும் கேட்காமல் எடுத்து வந்துவிட்டேன். தப்பா?

கே., ஓசூர்

அன்புள்ள கே.,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். நானும் அப்படியொரு வீட்டில், பங்கில்லாமல் வளர்ந்தவன்தான்.

பள்ளத்தூர்ப் பக்கம். 1970களில் வீட்டுக்காரர்கள் சென்னைக்குப் போனபோது சாவிக்கொத்தை என் அப்பத்தாவிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள். முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும் வீடு அது. நாங்கள் பின்கட்டில் இருந்தோம். சாயங்காலம் முகப்பில் விளக்கு வைக்க அப்பத்தா போகும்போது நானும் கூடப் போவேன். வளவைச் சுற்றி வரிசையாகப் பூட்டிய அறைகள். பங்காளிக்கு ஒரு அறை, அறைக்கு ஒரு பூட்டு. சாவித்துவாரத்தில் கண்ணை வைத்தால் ஒன்றும் தெரியாது, உள்ளிருந்து பித்தளை வாசனை மட்டும் வரும். பயம் வந்தால் சுவரில் கன்னத்தை வைத்துக்கொள்வேன். சுண்ணாம்போடு முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து இழைத்துப் பூசிய சுவர். சித்திரை வெயிலிலும் மண்பானை மாதிரி குளிர்ந்திருக்கும்.

ஐப்பசி மழையில் நான்கு பக்கத்துக் கூரைத் தண்ணீரும் வளவுக்குள்தான் கொட்டும். அண்டாக்களைக் கொண்டுபோய் வைப்போம். அப்பத்தா எதையோ கத்திச் சொல்லும். எனக்குக் காதில் விழாது, தலையை மட்டும் ஆட்டுவேன்.

கல்யாணம், முன்னோருக்குப் படைப்பு என்று வந்தால் வீடு திறக்கும். மலேசியாவிலிருந்துகூட ஆட்கள் வந்து இறங்குவார்கள். பூட்டுகள் ஒவ்வொன்றாகத் திறக்கும். அந்த நாட்களில் நான் பின்கட்டை விட்டு வெளியே வரமாட்டேன். யாரும் வரக்கூடாது என்று சொன்னதில்லை. ஆனால் வருடம் முழுக்க ஓடித் திரிந்த இடத்தில் அன்றைக்கு மட்டும் எப்படி நடப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வயதில் அதை யாரிடமும் சொல்லவும் தெரியவில்லை. உங்கள் கடிதத்தைப் படித்ததும் முதலில் ஞாபகம் வந்தது இதுதான்.

ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். அந்த வீடுகளில் நிற்கும் தேக்கு பர்மாவிலிருந்து கப்பலில் வந்தது. அதை வாங்கிய பணமும் பெரும்பாலும் பர்மா, மலேயா, இலங்கையில் நடந்த வட்டித் தொழிலில் வந்தது. (பர்மிய விவசாயியின் கடனும் அந்தத் தூண்களில் இருக்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும்.) 1930களில் நெல் விலை விழுந்தது. 1942இல் ஜப்பானியப் படை பர்மாவுக்குள் புகுந்தது. 1962இல் அங்கே வந்த ராணுவ ஆட்சி எல்லாவற்றையும் தேசியமயமாக்கியது. வீட்டைத் தாங்கிய வருமானம் போய்விட்டது, வீடு மட்டும் நின்றது. அப்புறம் பங்கு. வீடு ஆண்மக்கள் வழியாகப் பிரிந்துகொண்டே போகும். மூன்று நான்கு தலைமுறையில் ஒரு வீட்டுக்கு முப்பது நாற்பது பங்காளிகள் வந்துவிடுவார்கள். ஓடு மாற்ற ஒருவர் பணம் போட்டால் மற்றவர்களும் போட வேண்டும். ஒருவர் ஒப்பவில்லை என்றால் வேலை நின்றுவிடும். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒவ்வொருவரும் ஒரு ஊரில் மாதச் சம்பளத்தில் இருப்பவர்கள்.

வீடு விழ ஆரம்பிப்பதற்கு ஒரு ஓடு விலகினால் போதும். அந்த வழியாக இறங்கும் தண்ணீர் உத்திரத்தில் தங்கும், கரையான் ஏறும், சுவரின் சுண்ணாம்பு ஊறும், பறவை எச்சத்திலிருந்து ஒரு அரசங்கன்று முளைத்து வேரை உள்ளே விடும். சில மழைக்காலங்களிலேயே கூரை உள்ளே அமர்ந்துவிடும். அப்பத்தா இருந்தவரை ஒவ்வொரு புரட்டாசியிலும் கூரையில் ஆள் ஏற்றி விலகிய ஓட்டைச் சரி செய்யும். 2014இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் செட்டிநாட்டு ஊர்கள் இடம்பெற்றபோது சந்தோஷப்பட்டேன். சில வீடுகள் தங்கும் விடுதிகளாகிப் பிழைத்தும் இருக்கின்றன. ஆனால் மழைக்கு முன்னால் கூரையில் ஏற ஒரு ஆள் இல்லாத வீட்டைப் பட்டியல் காப்பாற்றாது. கடைசியில் தூணும் கதவும் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலுள்ள பழம்பொருள் கடைகளுக்குப் போய்ச் சேரும்.

சரி, உங்கள் கணவரின் கேள்விக்கு வருகிறேன். பத்திரப்படி அது உங்கள் வீடு இல்லை. ஆனால் ஆத்தங்குடிக் கல்லை நீங்கள் அறிவீர்கள். கண்ணாடித் தகட்டின் மேல் வண்ணச் சிமெண்டை ஊற்றிக் கையால் செய்வது. புதிதாகப் பதிக்கும்போது அதில் அவ்வளவு பளபளப்பு இருக்காது. காலும் கையும் பட்டுப் பட்டு, துடைக்கத் துடைக்கத்தான் மெருகு ஏறும். பதினாறு வருடம் அந்தத் தரையைத் துடைத்தவர் உங்கள் அம்மா. எந்தக் கல்லில் விரிசல், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்பது பங்காளிகளில் எத்தனை பேருக்குத் தெரிந்திருக்கும்? அந்த வீட்டை உள்ளங்கையால் அறிந்த வீட்டுப் பிள்ளை நீங்கள். தாராளமாக அழலாம். இதை உங்கள் கணவரிடமும் படித்துக் காட்டுங்கள்.

கல்லை எடுத்து வந்ததில் ஒரு தப்பும் இல்லை. சோப்பு போட்டுத் தேய்க்காதீர்கள். தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் இரண்டு சொட்டு தேங்காயெண்ணெய் தொட்டுத் துணியால் துடையுங்கள், நிறம் எழும்பி வரும். அம்மாவிடம் காட்டினீர்களா என்று எழுதவில்லையே. அந்த வீடுகளில் முகப்புக்கு ஒரு பூ, பட்டாலை என்கிற கூடத்துக்கு வேறு பூ என்று பதித்திருப்பார்கள். அது எந்த இடத்துக் கல் என்று அம்மா பார்த்ததுமே சொல்லிவிடுவார். கேட்டு எனக்கும் எழுதுங்கள்.