மகளும் தோழியும் வளர்க்கும் குழந்தை

அன்புள்ள டாக்டர் அம்மாவுக்கு,

செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குக் கொலுசுப் பட்டறை. மகள் ஏற்காட்டில் வேலை பார்க்கிறாள். "கல்யாணம் வேண்டாம்மா, இவளோடதான் வாழப் போறேன்" என்று தோழியைக் காட்டிச் சொல்லிவிட்டாள். அந்தப் பெண் கணவனை இழந்தவள். ஆறு வயதில் மகள் இருக்கிறாள். மூன்று பேரும் ஒரே வீடு. என் வீட்டுக்காரர் மகளோடு பேசுவதில்லை. நான் மட்டும் பஸ் ஏறிப் போய் வருகிறேன். குழந்தை "அம்மாயி" என்று மடியில் ஏறிக்கொள்கிறாள். நூலில் அவள் கால் அளவெடுத்து வந்து கொலுசுகூடச் செய்துவிட்டேன். கொடுக்கத் தயங்கி பீரோவில் வைத்திருக்கிறேன். இரண்டு பெண்கள் வளர்த்தால் அவளும் இப்படி ஆகிவிடுவாளா? நாத்தனார், "டாக்டர்கிட்ட காட்டினா உன் மகளை மாத்திடுவாங்க" என்கிறார். காட்டலாமா?

– ஒரு தாய், சேலம்

அன்புள்ள அம்மா,

காட்ட வேண்டாம். தன்பாலீர்ப்பு, அதாவது பெண்ணுக்குப் பெண் மீதோ ஆணுக்கு ஆண் மீதோ வரும் ஈர்ப்பு, நோய் இல்லை. உலக சுகாதார நிறுவனம் 1990லேயே அதை நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. மாற்றுகிறேன் என்று வைத்தியம் பார்க்கக் கூடாது என 2021இல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட்டிருக்கிறது. அப்படி வைத்தியத்துக்குப் போய் நொறுங்கி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

குழந்தையைப் பற்றிய பயமும் வேண்டாம். ஒரே பாலினப் பெற்றோரிடம் வளரும் பிள்ளைகளைப் பல வருஷமாக ஆராய்ந்திருக்கிறார்கள். படிப்பிலும் மனநலத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை. பெரும்பாலோர் ஆண்-பெண் உறவையே நாடுகிறார்கள். அவள் எப்படி வளர்ந்தாலும் அது வளர்ப்பின் குற்றம் ஆகாது. புண்படுத்துவது வெளியே கேட்கும் கேலிதான். "உங்க அப்பா எங்கே?" என்று பள்ளியில் யாராவது கேட்டால் என்ன சொல்வது என்று இப்போதே அவளோடு பேசிவைக்கச் சொல்லுங்கள். அப்புறம், அந்தக் கொலுசைக் கொண்டுபோய்ப் போட்டுவிடுங்கள். தன்னை விரும்பும் பெரியவர்கள் எத்தனை பேர் இருந்தாலும் குழந்தைக்கு நல்லதுதான்.

எனக்குள்ள கவலை வேறு. சட்டப்படி உங்கள் மகள் அந்தக் குழந்தைக்கு யாருமில்லை. 2018இல் இந்த உறவு குற்றமில்லை என்றான பிறகும், 2023இல் உச்ச நீதிமன்றம் இந்தத் திருமணத்தை ஏற்கவில்லை. ஜோடியாகத் தத்தெடுக்கவும் வழி இல்லை. பெற்றவளுக்கு நாளைக்கு ஏதாவது ஆனால், சொந்தக்காரர்கள் வந்து குழந்தையைக் கேட்கலாம். விதவைத் தாய் உயில் மூலம் காப்பாளரை நியமிக்க, 1956ஆம் ஆண்டின் இந்துக் காப்பாளர் சட்டத்தில் இடமுண்டு. இருவரையும் ஒரு வக்கீலைப் பார்க்கச் சொல்லுங்கள், தள்ளிப்போட வேண்டாம்.

உங்கள் கணவரோடு வாதாடாதீர்கள். அடுத்த முறை கூட வரச் சொல்லிக் கேளுங்கள். வராவிட்டால் நீங்கள் மட்டும் போய் வாருங்கள். மனம் ரொம்பத் தவித்தால் அரசின் மனநல உதவி எண்ணான 14416க்குப் போன் செய்யுங்கள், கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.