பாசலில் தங்கி விட்ரா மியூசியம் பார்க்கத் தனி ஜெர்மன் விசா வேண்டுமா?

கேள்வி: என் மகள் சுவிட்சர்லாந்தில் பாசல் நகரில் வேலையில் இருக்கிறாள். ஜூனில் நானும் மனைவியும் அவளோடு மூன்று வாரம் தங்கப் போகிறோம். பக்கத்திலேயே ஜெர்மன் எல்லைக்குள், விட்ரா என்ற ஃபர்னிச்சர் நிறுவனத்தின் வளாகத்தில் இருக்கும் விட்ரா டிசைன் மியூசியத்தை அவசியம் பார்க்கச் சொல்கிறாள். வேலை நாளில் அவளால் கூட வர முடியாது. எங்கள் ஊர் டிராவல் ஏஜென்டோ, அதற்குத் தனி ஜெர்மன் விசா அல்லது மல்டிபிள் என்ட்ரி வேண்டும் என்கிறார். கார், கைடு, டிக்கெட் எல்லாம் சேர்த்து ஒரு பேக்கேஜும் சொல்கிறார். மனைவிக்கு மூட்டுவலி வேறு. நாங்களே போய்வர முடியுமா? (வாசகர், ஈரோடு)

பதில்: தாராளமாகப் போய்வரலாம். தனி ஜெர்மன் விசா வேண்டாம், மல்டிபிள் என்ட்ரி வேண்டாம், அந்த பேக்கேஜ் வேண்டவே வேண்டாம்.

சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை. ஆனால் 2008 முதல், ஜெர்மனி உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கு ஒரே விசா என்ற ஷெங்கன் ஏற்பாட்டில் இருக்கிறது. ஏஜென்டுகள் இந்த இரண்டையும் போட்டுக் குழப்புவார்கள்; சிலர் தெரியாமல், பலர் தெரிந்தே. நீங்கள் வாங்கப்போகும் சுவிஸ் விசா ஷெங்கன் விசாதான். பாசலிலிருந்து விட்ரா இருக்கும் வைல் அம் ரைன் ஊருக்குப் போவது, விசாக் கணக்கில் ஈரோட்டிலிருந்து பவானிக்குப் போய்வருகிற மாதிரி. ஜூரிச்சில் இறங்கி பாஸ்போர்ட் சோதனையைத் தாண்டும்போது உங்கள் ‘ஒரு என்ட்ரி’ தொடங்குகிறது. ஷெங்கன் நாடுகள் அத்தனையையும் விட்டு வெளியேறும்போதுதான் அது முடியும். நடுவில் லண்டன் போய்த் திரும்பினால் இரண்டாவது என்ட்ரி தேவை. வைல் அம் ரைன் போய் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினால் தேவையில்லை.

பிறகு ஏன் அவர் அப்படிச் சொல்கிறார்? விசாக் கட்டணம் ஆளுக்கு 90 யூரோ. அதற்கு மேல் விசா மையத்தின் சேவைக் கட்டணம். அதற்கும் மேல் இவருடைய ‘சர்வீஸ் சார்ஜ்’. இரண்டு விசா என்றால் இரண்டு சார்ஜ், அவ்வளவுதான் விஷயம். உண்மையில் ஒரே காலத்துக்கு இரண்டு ஷெங்கன் விசா கொடுக்கவே மாட்டார்கள்.

இதைவிடப் பெரிய பொறி ஒன்று இருக்கிறது. ‘ஃபைல் ஸ்ட்ராங்காக இருக்கும்’ என்று சொல்லி ஜெர்மனியில் ஒரு போலி ஹோட்டல் புக்கிங்கை உங்கள் விண்ணப்பத்தில் சொருகுவார்கள். விசாவுக்குப் பணம் கட்டியதும் புக்கிங்கைக் கேன்சல் செய்துவிடுவார்கள். நீங்கள் மகள் வீட்டில் தங்குகிறீர்கள். அவளுடைய அழைப்புக் கடிதமும் குடியிருப்பு அனுமதி அட்டையின் நகலும் இருக்கும்போது உங்களுக்கு எதற்கு ஹோட்டல்? பொய் புக்கிங் பிடிபட்டால் விசா மறுக்கப்படும், கட்டணமும் திரும்பாது. மறுத்த விவரம் எல்லா ஷெங்கன் நாடுகளும் பார்க்கக்கூடிய பொதுக் கணினியில் ஏறும். அடுத்த வருடம் பேரப்பிள்ளை பிறந்து நீங்கள் ஓடவேண்டிய நேரத்தில் அது வந்து நிற்கும். ஏஜென்ட் வந்து நிற்க மாட்டார்.

அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவில்லை, ‘என்னிடம் ஸ்லாட் இருக்கிறது’ என்று சொல்பவர்களிடமும் போகாதீர்கள். ஸ்லாட்டை விற்க எந்த ஏஜென்டுக்கும் உரிமை கிடையாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம் என்று விதியே இருக்கிறது. ஜூன் பயணத்துக்கு ஜனவரியிலேயே உட்கார்ந்துவிடுங்கள். இந்த முறையின் மேல் எனக்கும் எரிச்சல்தான். வங்கிக் கணக்கு, பென்ஷன் தாள், பிள்ளையின் சம்பளச் சீட்டு வரை வாங்கிக்கொள்வார்கள். ஆனால் கவுன்டரில் கொடுத்த பின் ‘என்ன ஆயிற்று?’ என்று கேட்க ஒரு மனிதர் கிடைக்க மாட்டார். அந்த இருட்டில்தான் இந்த ஏஜென்டுகள் பிழைக்கிறார்கள்.

இனி ஒரு விதிவிலக்கு. உங்களுக்கு இது பொருந்த வாய்ப்பு மிகக் குறைவு, ஆனாலும் சொல்லாமல் விடமாட்டேன். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் விசா ஸ்டிக்கரின் முதல் வரியைப் படியுங்கள். எந்தெந்த நாட்டில் செல்லும் என்று அங்கேதான் இருக்கும். அது ஜெர்மனோ பிரெஞ்சோ, எந்த மொழியில் இருந்தாலும் ‘ஷெங்கன்’ என்ற சொல் கண்ணில் பட வேண்டும். அது இல்லாமல் சுவிட்சர்லாந்தைக் குறிக்கும் ‘சிஎச்’ என்ற இரண்டு எழுத்து மட்டும் இருந்தால், அந்த விசா சுவிட்சர்லாந்துக்குள் மட்டும்தான் செல்லும், விட்ராவை மறந்துவிடுங்கள். ‘ஷெங்கன்’ என்று போட்டு, பக்கத்தில் கழித்தல் குறியோடு ஒரு நாட்டின் எழுத்து இருந்தால், அந்த நாடு மட்டும் கிடையாது. 180 நாளில் 90 நாள் என்ற வரம்பை ஏற்கெனவே தீர்த்துவிட்டவர்களுக்கு அவசரக் காரணத்துக்காகத் தரும்போதும், சில நாடுகள் ஏற்காத வகைப் பாஸ்போர்ட்டுகளுக்கும் இப்படித் தருவார்கள். சாதாரண இந்தியப் பாஸ்போர்ட்டில் மகளைப் பார்க்கப் போகும் உங்களுக்கு வராது. அப்படியும் வந்திருந்தால், பஸ் ஏறும் முன்னால் மகளிடம் காட்டுங்கள். முதல் வரி, ஐயா, முதல் வரி. எல்லோரும் தேதியைப் பார்த்துவிட்டு மூடி வைத்துவிடுகிறார்கள்.

பயணக் காப்பீடும் ஷெங்கன் முழுவதற்கும், குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். விசாவுக்கே அது கட்டாயம்.

ஷெங்கன் என்றால் எல்லையில் சோதனையே இல்லை என்று உங்கள் மகள் சொல்லக்கூடும். 2023 அக்டோபரிலிருந்து சுவிஸ் எல்லையில் ஜெர்மனி மறுபடி சோதனை வைத்திருக்கிறது. பல நாள் யாரும் கேட்க மாட்டார்கள். கேட்கும் நாளில் ஜெராக்ஸ் காட்டினால் செல்லாது. அசல் பாஸ்போர்ட் இரண்டும் உங்கள் கையில் இருக்க வேண்டும். ‘தொலைந்துவிடும்’ என்று வீட்டு பீரோவில் பூட்டிவைக்கும் நம் பழக்கம் இங்கே உதவாது.

போகும் வழி சுலபம். கிளாராபிளாட்ஸ் நிறுத்தத்திலோ பாடிஷர் பான்ஹோஃப் ஸ்டேஷனிலோ 55ஆம் எண் பஸ் ஏறினால் ‘விட்ரா’ என்ற பெயரிலேயே நிறுத்தம் இருக்கிறது. பாசலில் பெரிய ஸ்டேஷன் இரண்டு உண்டு; பாடிஷர் என்பது ஜெர்மன் ரயில்வே நடத்துவது, சுவிஸ் ரயில்வேயின் மெயின் ஸ்டேஷன் வேறு. 8ஆம் எண் டிராமும் எல்லை தாண்டி வைல் ஸ்டேஷன் வரை போகும். ஆனால் அங்கிருந்து கால் மணி நேரம் நடக்க வேண்டும். மூட்டுவலிக்கு பஸ்ஸே மேல். டிக்கெட் எல்லைக்கு அப்பாலும் செல்லுமா என்று கேட்டு வாங்குங்கள். ரீஹன் ஊரிலிருந்து விட்ரா வரை ஐந்து கிலோமீட்டருக்கு அழகான நடைபாதை இருக்கிறது என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு பஸ் ஏறுங்கள்.

சரி, போய் இறங்கியபின் என்ன பார்ப்பது? பேக்கேஜ்காரர்கள் ஏமாற்றுகிற இன்னொரு இடம் இது. வெள்ளைப் பெட்டிகளை எவனோ கோபத்தில் முறுக்கிப் போட்டதுபோல் ஒரு கட்டடம் எல்லாப் படத்திலும் வருமே, அதுதான் கட்டடக் கலைஞர் ஃபிராங்க் கெரி 1989இல் கட்டிய மியூசியம். ஐரோப்பாவில் அவருடைய முதல் கட்டடம். காரில் கூட்டிவந்து அதன் முன்னால் படம் எடுக்க வைத்து, உள்ளே ஒரு சுற்று விட்டு, ‘முடிந்தது’ என்பார்கள். அது உள்ளே சின்னது. அங்கே நடப்பது அவ்வப்போது மாறும் கண்காட்சிகள். புகழ்பெற்ற நாற்காலிகளைத் தேடிப் போனவர்கள் அதற்குள் சுற்றிவிட்டு ‘இவ்வளவுதானா’ என்று திரும்புகிறார்கள்.

நாற்காலிகள் இருப்பது ஷௌடெப்போ என்ற இன்னொரு கட்டடத்தில். ஹெர்சோக் - டி மியூரோன் என்ற பாசல் கட்டடக் கலைஞர்கள் 2016இல் கட்டிய, ஜன்னலே இல்லாத செங்கல் கிடங்கு. செங்கல்லைக் கையால் உடைத்து, உடைந்த முகம் வெளியே தெரிய அடுக்கியிருக்கிறார்கள். அருகில் போனால் சுவர் முழுக்கச் சொரசொரப்பு. உள்ளே உயரமான தட்டுகளில் இருக்கைகளும் சாமான்களும் வரிசையாக நிற்கின்றன. வளைத்த மரத்தில் செய்த பழைய தோனெட் நாற்காலியிலிருந்து 3டி முறையில் அச்சடித்ததுவரை இவர்கள் சேகரிப்பில் உண்டு; எவற்றைக் காட்டுகிறார்கள் என்பது அவ்வப்போது மாறும். மியூசியத்தில் நேரம் கொடுப்பதானால் இதற்குக் கொடுங்கள். வடிவமைப்பாளர்களான சார்ல்ஸ் - ரே ஈம்ஸ் தம்பதியின் நாற்காலிகளும் இங்கே இருக்கின்றன. 1958இல் நேரு அரசு கேட்டு அவர்கள் எழுதிய அறிக்கையிலிருந்துதான் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம் பிறந்தது.

கைடட் டூர் வேண்டுமா என்பது உங்கள் மனைவியின் முழங்காலைப் பொறுத்தது. கட்டடக்கலை டூர் சுமார் இரண்டு மணி நேரம், பெரும்பாலும் நடையும் நிற்றலும்தான். சஹா ஹதித் 1993இல் கட்டிய தீயணைப்பு நிலையத்துக்கும், டடாவோ ஆண்டோவின் கூட்ட அரங்குக்கும் உள்ளே போக வேண்டுமானால் டூர்தான் வழி. ஹதித்துக்குக் காகிதத்தில் நிற்காமல் எழுந்து நின்ற முதல் கட்டடம் அந்தத் தீயணைப்பு நிலையம். நேர்ச்சுவர் அரிது. காங்கிரீட் தகடு ஒன்று கத்திபோல் வாசலுக்கு மேல் நீட்டிக்கொண்டிருக்கும். உள்ளே சிலருக்குத் தலைசுற்றும். ஆனால் அதன் வெளிப்புறத்தை டூர் இல்லாமலே ஷௌடெப்போ முற்றத்தில் நின்று நன்றாகப் பார்க்கலாம். மூட்டுவலிக்காரர்களுக்கு நான் அதையே சொல்வேன். நீங்கள் மட்டும் டூர் போவதானால் மியூசியத்தின் சொந்த இணையதளத்தில் ஆங்கில டூர் நேரம் பார்த்து பதிவு செய்யுங்கள். ‘கியூ இல்லாத டிக்கெட்’ என்று வேறு யாராவது விற்றால் வாங்காதீர்கள். மியூசியம் டிக்கெட்டை வாசலிலேயே வாங்கலாம்.

அதுவரை உங்கள் மனைவி விட்ராஹவுஸில் இருக்கலாம். ஓட்டுவீடு வடிவத்தில் பன்னிரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய கட்டடம், 2010இல் வந்தது. விட்ரா நிறுவனத்தின் ஷோரூம், நுழைவு இலவசம். முதலில் லிஃப்டில் உச்சிக்குப் போய் மேலிருந்து கீழே இறங்கி வரச் சொல்லுங்கள். எதிரே பியட் ஊடோல்ஃப் அமைத்த தோட்டம், ஜூனில் பூத்திருக்கும். இன்னும் தெம்பு இருந்தால், நம் கட்டடக் கலைஞர் பாலகிருஷ்ண தோஷி கடைசியாக வடிவமைத்து, அவர் மறைவுக்குப் பின் 2025இல் திறக்கப்பட்ட சிறு தியான இடத்தைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். இந்தியாவுக்கு வெளியே அவர் கட்டியது அது ஒன்றுதான். எந்த பேக்கேஜ் பட்டியலிலும் அதை நான் பார்த்ததில்லை.

காலை பத்து மணிக்குத் திறக்கும்போதே போய்விட்டால் நான்கு மணிக்குள் வீட்டில் இருப்பீர்கள். அங்கே புழங்குவது யூரோ; சுவிஸ் பிராங்க்கை நம்பிப் போகாமல் கார்டு வைத்துக்கொள்ளுங்கள். கடையில் மினியேச்சர் நாற்காலிகள் விற்கிறார்கள், விலை கொஞ்சம் கிறுகிறுக்கும். அப்படியும் வாங்கி பில் 50 யூரோவைத் தாண்டினால், இந்தியாவில் வசிக்கும் உங்களுக்கு ஜெர்மன் வரியைத் திரும்பப் பெறும் உரிமை உண்டு. கடையிலேயே ஏற்றுமதிப் படிவம் கேட்டு வாங்கி, எல்லையில் ஜெர்மன் சுங்கச் சாவடியில் முத்திரை போட்டுக்கொள்ளுங்கள். ஜூரிச் விமான நிலையத்தில் அந்த முத்திரை கிடைக்காது.