ஒரு பாரம் போதும்

அன்புள்ள ஐயா,

கூடுவாஞ்சேரியிலிருந்து கிண்டிக்குத் தினமும் மின்ரயிலில் வேலைக்குப் போய் வருகிறேன். ஒன்றரை வருடமாக ஒரு நாவலைக்கூட முடிக்கவில்லை. போனில் படிக்க உட்கார்ந்தால் நாலாவது பக்கத்தில் ஏதாவது செய்தி வந்து விழுகிறது, அதோடு சரி. அதனால் கையடக்கமான மின்நூல் கருவி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். போன் மாதிரியே இருக்கும் பூக்ஸ் பால்மா, போனின் முதுகில் ஒட்டிக்கொள்ளும் எக்ஸ்டிங்க் எக்ஸ்4, 6 அங்குலக் கிண்டில் என்று மூன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன். டெலிகிராம் குழுக்களில் இறக்கிய தமிழ்ப் பிடிஎப் சுமார் 3,400 என்னிடம் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஏற்ற எவ்வளவு இடம் வேண்டும்? தமிழ் எழுத்து சரியாக வருமா? திரையில் விளக்கு அவசியமா? காகித வாசனை இல்லாமல் படிப்பது படிப்பே இல்லை என்கிறார் அப்பா. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச., கூடுவாஞ்சேரி

அன்புள்ள ச.,

காகித வாசனையை விட்டுவிடுவோம். அப்பாவோடு அதற்காக வாதாட வேண்டாம். வாசனைக்காகப் புத்தகத்தைக் கடைசிப் பக்கம் வரை படித்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

இந்தக் கருவிகளைப் பற்றிச் சில மாதங்களாக நானும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதனால்தான் உடனே எழுதுகிறேன். இவற்றில் இருப்பது இ-இங்க் என்கிற மின்மைத் திரை. அதற்குள் மயிரிழைப் பருமனில் நுண்ணுறைகள் இருக்கின்றன. அவற்றுக்குள் கறுப்பும் வெள்ளையுமாகத் துகள்கள். மின்சாரம் தொட்டால் ஒரு நிறம் மேலே வரும், மற்றது கீழே போகும். வந்தது அப்படியே நிற்கும். அடுத்த பக்கம் புரட்டும்வரை மின்சாரமே வேண்டாம். 2004இல் சோனி ஜப்பானில் விற்ற முதல் கருவியிலிருந்து இன்றுவரை அடிப்படை இதுதான். வேகமாக எதையும் ஓட்ட முடியாத அந்த மந்தம்தான் உங்களைப் போன்றவர்களுக்கு வேண்டியது.

பால்மா நல்ல கருவி, ஆனால் உங்களுக்கு வேண்டாம். அதில் ஓடுவது ஆண்ட்ராய்டு. போனில் இருக்கிற செயலியெல்லாம் அதிலும் ஏறும். நாலாவது பக்கத்தில் விழுகிற செய்தி அங்கேயும் வந்து விழும். காசு கொடுத்து அதே தொல்லையைக் கறுப்பு வெள்ளையில் வாங்குவானேன்?

எக்ஸ்4 ஆசையைக் கிளப்பும் பொருள். 4.3 அங்குலம், எடை 74 கிராம்தான், தொடுதிரை கிடையாது, பட்டனை அழுத்தித்தான் பக்கம் புரட்ட வேண்டும். ஆனால் நீங்கள் கேட்ட தமிழ் விஷயம் இங்கேதான் இடிக்கும். கு, சு, மு என்று உகரம் சேரும்போது எழுத்தின் வடிவமே மாறுகிறது. கெ, கே என்று எழுதும்போது கொம்பு கோப்பில் ககரத்துக்குப் பின்னால் கிடக்கும், திரையில் முன்னால் வரவேண்டும். இந்த ஒழுங்கைச் செய்து தரும் மென்பொருள் உள்ளே இல்லையென்றால், கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம், புள்ளி ஒரு பக்கமாகச் சிதறிவிடும். சின்னச் சிப்பில் ஓடும் கருவிகளில் இந்த ஆபத்து எப்போதும் உண்டு. ‘கொடுமுடிக் கேணியில் குளித்தேன்’ என்று ஒரே ஒரு வரி எழுதிய கோப்பைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லி விற்பவரிடம் கேளுங்கள். அனுப்பாதவரிடம் வாங்காதீர்கள். இன்னொன்று, அவ்வளவு ஒடுக்கமான திரையில் தமிழ்ச் சொல் மூன்று வந்தாலே வரி நிறைந்துவிடும். இருபுறமும் சமமாக இழுத்துக் கட்டும் அமைப்பை நிறுத்திவிட்டு இடதுபக்கம் மட்டும் ஒட்ட வையுங்கள். இல்லாவிட்டால் சொற்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகும்.

இனி அந்த 3,400.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்த எண் இது. நாளுக்கு ஒன்று படித்தாலும் ஒன்பது வருடத்துக்கு மேல் ஆகும். நீங்களோ ஒன்றரை வருடமாக ஒன்றும் முடிக்கவில்லை. அப்புறம் எதற்கு இடம் எவ்வளவு வேண்டும் என்று கேட்கிறீர்கள்? இவை பெரும்பாலும் அச்சுப் பக்கத்தைப் படம் பிடித்த பிடிஎப்களாகத்தான் இருக்கும். நாவல்கள் பெரும்பாலும் வரும் டெம்மி அளவுப் பக்கத்தின் அகலம் 5.5 அங்குலம். பால்மா திரையின் அகலம் அதில் பாதிதான். அச்சில் பதினொரு புள்ளி அளவில் இருக்கும் எழுத்து ஐந்தரைப் புள்ளியாகச் சுருங்கிவிடும். ரயில் ஆட்டத்தில் அதை எந்தக் கண் படிக்கும்? படத்தில் எழுத்தைப் பெரிதாக்க முடியாது, பக்கத்தைத்தான் பெரிதாக்கி இழுத்து இழுத்துப் பார்க்க முடியும்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அந்தக் குவியலில் இன்றைக்கும் எழுதிக்கொண்டிருப்பவர்களின் நூல்கள் இருந்தால் இன்றிரவே அழித்துவிடுங்கள். கருவிக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்யத் தயாராக இருக்கிறவர், அதற்குள் போகப்போகிற எழுத்துக்கு ஒரு காசும் தரமாட்டேன் என்பது என்ன நியாயம்?

என் பெரியப்பா கும்பகோணத்தில் டவுன் பஸ் கண்டக்டர். எழுபதுகளின் கடைசியில் மாஸ்கோவில் தமிழிலேயே அச்சடித்துக் கப்பலில் வந்த தடித்தடி நாவல்கள் இங்கே மலிவாகக் கிடைத்தன. பெரியப்பா அவற்றை வாங்கிவந்த அன்றே பிளேடால் முதுகுத் துணியைக் கீறி, தையல் நூலை அறுத்துப் பாரம் பாரமாகப் பிரித்துவிடுவார். ஒரே தாளில் அச்சடித்து மடித்த பக்கக் கட்டுக்குத்தான் பாரம் என்று பெயர். ஒரு பாரம் பதினாறு பக்கம். நடுவில் மடித்தால் காக்கிச் சட்டைப் பையில் பேனாவுக்குப் பின்னால் நிற்கும். காலையில் ஒரு பாரத்தோடு போவார். மிச்சமெல்லாம் வீட்டில் பழைய செருப்புப் பெட்டிக்குள். பெரியம்மா, “சரஸ்வதிய அறுக்குறீங்களே, வெளங்குமா?” என்று கத்துவாள். கடைசி நிறுத்தத்தில் டிரைவர் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு படுத்துவிடுவார். பெரியப்பா டிக்கெட் கணக்கு எழுதும் இன்வாய்ஸை எழுதி முடித்துவிட்டுப் பாரத்தை எடுப்பார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது ஓரமெல்லாம் சில்லறை பிடித்த கையின் கறுப்பு ஏறியிருக்கும்.

நான் ஒருநாள் கேட்டேன், ரெண்டு பாரமா எடுத்துட்டுப் போனா என்ன என்று. “அடுத்த பாரம் பையில இருக்குன்னு தெரிஞ்சா இந்தப் பாரத்துல மனசு நிக்காதுடா” என்றார். ஒருமுறை பஸ் பழுதாகி வழியில் நின்றுவிட்டது. வேறொன்றும் கையில் இல்லாததால் அந்தப் பதினாறு பக்கத்தையே திரும்பத் திரும்பப் படித்திருக்கிறார். அன்றிரவு சாப்பிடும்போது, பனியில் வண்டி பூட்டிக்கொண்டு போகிற ஒருவனைப் பற்றிய இரண்டு பக்கத்தை அப்படியே எங்களுக்குச் சொன்னார். தட்டில் கை காய்ந்துவிட்டது, யாரும் எழுந்திருக்கவில்லை. முழுப் புத்தகமும் முடிந்ததும் கோணி ஊசியால் தைத்து, மைதாப் பசையில் முதுகு ஒட்டி அலமாரியில் வைப்பார். அந்த அலமாரியில் அவர் படிக்காத புத்தகம் ஒன்றுகூட இல்லை.

எட்டாம் வகுப்போடு நின்ற மனிதர் அவர். அவருக்குத் தெரிந்தது, எனக்குத் தெரிந்த எத்தனையோ பேராசிரியர்களுக்குத் தெரியவில்லை. பையில் ஆயிரம் இருந்தால் கை அடுத்ததைத் தேடும். முதல் அத்தியாயம் கொஞ்சம் கரடுமுரடாக இருந்தால் போதும், உடனே வெளியே வந்து வேறொன்றைத் திறப்பீர்கள். அதுவும் கரடுமுரடாக இருக்கும். நல்ல நாவல்களின் முதல் அத்தியாயம் பெரும்பாலும் அப்படித்தான். போனில் உங்களைக் கலைப்பது செய்தி. நாளை கருவியில் உங்களைக் கலைக்கப்போவது அந்த 3,399 புத்தகங்கள். இதை எத்தனை தடவை வேண்டுமானாலும் சொல்வேன்: கருவியில் ஒரு புத்தகம் போடுங்கள், ஒன்றே ஒன்று. முடித்த பிறகு அதை எடுத்துவிட்டு அடுத்ததைப் போடுங்கள். பிடிக்கவில்லையா, ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு மாற்றுங்கள். ‘எதற்கும் இருக்கட்டுமே’ என்று இரண்டாவதை ஏற்றினீர்களென்றால் பத்தாவது தானாக வரும்.

அந்த ஒன்று படமாக இல்லாமல் எழுத்தாக இருக்கட்டும். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில், உலகெங்கும் இருக்கும் தமிழர்கள் கூலி வாங்காமல் உட்கார்ந்து தட்டச்சு செய்து வைத்த நூல்கள் இருக்கின்றன. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில், எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கக்கூடிய இபப் கோப்பும், சின்னத் திரைக்கென்றே 6 அங்குலப் பிடிஎப்பும் இலவசமாகத் தருகிறார்கள். ஆசிரியர் இறந்து 60 ஆண்டு கடந்தவையும், அரசு நாட்டுடைமையாக்கியவையும் எல்லோருக்கும் பொது. மற்றதை விலைக்கு வாங்குங்கள். 2016இலிருந்து கிண்டிலில் தமிழ் நூல்கள் விற்கிறார்கள், அச்சுப் புத்தகத்தைவிட விலை பெரும்பாலும் குறைவு.

எதை வாங்குவது என்று கேட்டிருந்தீர்கள். கைப்பை எடுத்துப் போகிறவராக இருந்தால் 6 அங்குலக் கிண்டிலே போதும். எடை 158 கிராம், தமிழ் ஒழுங்காக வரும், செயலிகள் ஏறாது. சட்டைப்பையில்தான் வைப்பேன் என்றால் எக்ஸ்4ஐ அந்தக் கொடுமுடி வரியில் சோதித்துவிட்டு வாங்குங்கள். ஆனால் அதில் விளக்கு இல்லை. ஆறு மணிக்கு மேல் கிண்டியில் ஏறி, உட்கார இடமில்லாமல் கதவோரம் நின்றுகொண்டு வருகிறவருக்கு விளக்கு வேண்டும். ஆகையால் விளக்குள்ள கிண்டிலையே வாங்குங்கள். புத்தகத்தை ஏற்றியதும் வைஃபையை அணைத்துவிடுங்கள்.

அன்புடன்