பொமரேனியன் கழுத்துக்கு எந்த பெல்ட்?

"எங்கள் பொமரேனியனுக்கு ஏழு மாதம், எடை மூன்று கிலோ. கழுத்து பெல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தினால் தலையை உருவிக்கொண்டு ஓடிவிடுகிறது. இறுக்கினால் நடக்கும்போது இருமுகிறது. எந்த மாதிரி பெல்ட் வாங்குவது?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்.

முதலில் அந்த இருமலைப் பார்ப்போம். நாயின் மூச்சுக்குழாயைத் திறந்தபடி தாங்கி நிற்பவை குருத்தெலும்பு வளையங்கள். பொமரேனியன், சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர் மாதிரி சின்ன இனங்களில் இந்த வளையங்கள் தளர்ந்து குழாய் தட்டையாகிப் போவது அடிக்கடி பார்க்கிற விஷயம். கழுத்தில் சங்கிலி மாட்டி இழுத்தால் அந்த இடத்தில்தான் அழுத்தும். வாத்து கத்துவதுபோல வறட்டு இருமலா, பெல்ட் இல்லாதபோதும் வருகிறதா என்று கவனியுங்கள். வந்தால், பெல்ட் வாங்கும் முன் கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

என்னைக் கேட்டால், இந்த எடை நாய்க்குக் கழுத்து பெல்ட் என்பது போன் நம்பர் பொறித்த டாலரை மாட்டத்தான். சங்கிலி, நெஞ்சையும் உடம்பையும் சுற்றி மாட்டும் பாடி பெல்ட்டில் இருக்கட்டும். அதிலும் முன்பட்டை தொண்டையில் ஏறாமல் நெஞ்செலும்பின்மேல் உட்கார வேண்டும். அக்குளில் உரசக் கூடாது. வாங்கும்போது நாயைக் கடைக்கே கூட்டிப்போய் நாலு அடி நடக்கவிட்டுப் பாருங்கள்.

சரி, கழுத்து அளவு. பொமரேனியனிடம் எல்லோரும் ஏமாறுவது முடியில்தான். பார்க்க இறுக்கமாகத் தெரியும் பெல்ட், முடி அமுங்கியதும் தொளதொளவென்று ஆகிவிடும். முடியை விலக்கி, தோலை ஒட்டி ஒரு நூலைச் சுற்றி, அதை ஸ்கேலில் வைத்து அளந்துகொள்ளுங்கள். 20 சென்டிமீட்டர் வந்தால், 18 முதல் 26 வரை கூட்டிக் குறைக்கும்படி இருக்கிற பெல்ட் சரியாக இருக்கும். 'ஸ்மால்' என்ற சீட்டை நம்ப வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி அளவு மாறும். மாட்டிய பிறகு பட்டைக்கும் தோலுக்கும் நடுவே உங்கள் ஒரு விரல் படுக்கையாக நுழைய வேண்டும். இரண்டு விரல் கணக்கு பெரிய நாய்க்கு. அப்புறம் பெல்ட்டைக் காதுப் பக்கம் மெல்லத் தள்ளிப் பாருங்கள். காதைத் தாண்டினால் ஒரு பிடி குறைக்க வேண்டும்.

தளர்வாக விட்டால் ஓடிப்போவது மட்டும் இல்லை. நாய் நெஞ்சை நக்கக் குனியும்போது கீழ்த்தாடை பட்டைக்குள் மாட்டிக்கொள்ளும். வீட்டில் ஆள் இல்லாத நேரத்தில் இது நடந்தால் திணறிப்போகும். தனியாக விட்டுப் போகும்போதும் இரவிலும் கழற்றி வைப்பது நல்லது. வேகமாக இழுத்தால் தானே கழன்றுகொள்ளும் கொக்கி உள்ள பெல்ட்டும் கிடைக்கிறது. ஆனால் அதில் சங்கிலி மாட்டக் கூடாது.

ஒரு சென்டிமீட்டர் அகலம், விளிம்பு உறுத்தாத நைலான் போதும். தோல் பெல்ட் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். பெல்ட்டுக்குப் பதில் இரும்புச் சங்கிலியைக் கழுத்தில் போட்டால் முடியை முறிக்கும். சலங்கை வேண்டவே வேண்டாம். நாள் முழுக்க நம் காதோரம் யாராவது மணி ஆட்டினால் எப்படி இருக்கும்?

குளிப்பாட்டியதும் ஈரப் பட்டையை அப்படியே விடாதீர்கள், தோல் புண்ணாகும். கழற்றும்போதே பட்டைக்கு அடியில் விரலால் தடவிப் பாருங்கள். உண்ணி ஒளிந்துகொள்ள வசதியான இடம் அது. ஏழு மாதக் குட்டி இன்னும் வளரும், அதனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அந்த ஒரு விரலை நுழைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.